கருங்கயிற்றை அவிழ்க்கமாட்டோம்

பருவம் தவறாது பெய்க மழை. பொய் விளையாதிருக்க நிலம். நீலவரை மலைக்கும் ஏழாற்றுப் படுகைக்கும் கீழ்க்கடல் உப்பளங்களுக்கும் ஒரு குடை நிழல் தந்து, முன்னோர் வென்ற நாட்டை முறைசெய்து காக்கும் வேழக்கொடி வேந்தர், கோமான் ஆழிவேள் அவர்களின் திருமுன்பிற்கு, ஏழாற்றூர்க் கல்மாடத்துப் புதுநூல் அவையின் தலைவியும் ஏறநாடன் மகளுமாகிய சேந்தி வணங்கி விடுக்கும் ஓலை. அரண்மனையில் அனைவரும் நலம் என்று கேட்டு மகிழ்ந்தோம். இங்கும் அவையோர் நலமே, சினமாகவும் இருக்கிறோம்.

தங்கள் பெயராலும் வேழ முத்திரையாலும் முதலமைச்சர் பரமேட்டியார் விடுத்த ஓலை சில நாட்களுக்கு முன் வந்து சேர்ந்தது. அரண்மனை வைத்தியர் அமுதாங்கர் இயற்றிய ‘வெப்புத்தணிப்பு’ என்னும் மருத்துவ நூலுக்கு எம் அவை கட்டிய கருங்கயிற்றை உடனே அவிழ்த்து, பழையபடி வெண்கயிறு கட்டி, எல்லைப்படை புறப்படுமுன் பாசறைக்கு வேண்டிய படிகளை அனுப்பவேண்டும் என்றும், தவறினால் யான் இருக்கையைவிட்டு இறங்கவேண்டும் என்றும், கல்மாடத்தின் கதவு அடைக்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. இவ்வோலை தங்களுக்குத் தெரியாமல் வந்திருக்கும் என்று சொல்லி, தங்களுக்கும் எனக்கும் ஒரு வழி விட்டு எழுதுவது அவை நாகரிகம். அப்படி எழுதமாட்டேன். வேழ முத்திரை தங்கள் விரலில் இருக்கிறது. ஆகவே ஓலையும் தங்களுடையதே. மறுமொழியும் தங்களுக்கே. கயிற்றை அவிழ்க்கமாட்டோம்.

இவ்வோலை ஆவணக் களரியில் கிடந்து, எம்மை அறியாதவர் கையிலும் ஒரு நாள் அகப்படும். அவர்கள் பொருட்டுச் சிலவற்றை விளக்கி எழுதுகிறேன். இந்நாட்டில் மருந்தோ மடைகட்டும் முறையோ விதைநேர்த்தியோ எதுவாயினும், புதிதாகக் கண்டவர் அதை நூலாக எழுதி எம்மிடம் தருவர். யாம் பெயர் எழுதிய முகப்போலையை உருவி வைத்துக்கொண்டு, எஞ்சியதை அத்துறை அறிந்த வேற்றூரார் இருவருக்கு அனுப்புவோம். யாருடைய நூலை ஆராய்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆராய்பவர் யார் என்பது நூலாசிரியருக்குத் தெரியாது. இருவரும் தக்கது என்றால் வெண்கயிறு கட்டிப் பருவ ஏட்டில் சேர்த்து நாடெங்கும் அனுப்புவோம். பின்னாளில் அந்நூல் பொய்யென்று தெரிந்தால் அதை எரிப்பதில்லை. எரித்தால் ஏற்கெனவே படித்தவன் நெஞ்சில் அது அப்படியே இருக்கும். வெண்கயிற்றை நீக்கிக் கருங்கயிறு கட்டி, ஏன் கட்டினோம் என்பதை மேலோலையில் எழுதி, படி போன ஊர்களுக்கெல்லாம் ஆள் விடுவோம். தங்கள் பாட்டனார் எழுதிய யானைநூலுக்கே ஒருமுறை கருங்கயிறு கட்டியிருக்கிறோம். அவர் இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் திருத்திய நூலோடு வந்தார் என்பார்கள்.

அமுதாங்கரின் நூல் வந்தபோது, பாஷாண மருந்து அறிந்தவர் நாட்டில் அரியர் என்பதால், ஆராயத் தக்கவர் இருவரை அவரே சொல்லலாம் என்று அவை இடம் கொடுத்தது. தம் நெடுநாள் எதிரியான மேற்குமலை வைத்தியர் வேட்டுவக்கோனையும், கடற்கோட்டத்து முதியவர் ஒருவரையும் சொன்னார். அடைமழைக் காலம், எம் ஓலையாட்களால் மலையேற இயலவில்லை. அரண்மனைக் குதிரையாளைத் தருகிறேன் என்று பெரிய மனம் காட்டினார். வழியில் கிடந்த ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டோம். இரண்டு மறுமொழிகளும் விரைந்து வந்தன. இதுபோல் நூல் இதற்குமுன் எழுந்ததில்லை என்று இரண்டும் கூறின. வெண்கயிறு கட்டினோம்.

அதன்பின் உப்பளத்துறையிலிருந்து காளத்தி என்னும் மருத்துவச்சி நேரில் வந்தாள். ஓலை எழுதாமல் ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, எழுதினால் நீங்கள் படித்துவிட்டு வைத்துவிடுவீர்கள், அதனால்தான் இவளைக் கூட்டிவந்தேன் என்று சொல்லித் தன் மகளை என் முன் நிறுத்தினாள். காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்கு நூலில் சொன்ன அளவு பிசகாமல் அம்மருந்தைக் கொடுத்திருக்கிறாள். இரு குழந்தைகள் இறந்தன. அவள் மகள் பிழைத்தாள், காது போயிற்று. யான் அச்சிறுமியின் பெயரைச் சொல்லி அழைத்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அமுதாங்கர் யாரென்று எனக்குத் தெரியாது, உங்கள் வெண்கயிற்றை நம்பித்தான் என் பிள்ளையின் வாயில் ஊற்றினேன் என்று காளத்தி சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

பிறகு அந்த இரண்டு மறுமொழி ஓலைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். மலைநாட்டார் ஓலையை அடுப்பின்மேல் பரணில் கட்டிப் புகையில் பதமாக்குவார்கள்; எத்தனை ஆண்டு ஆனாலும் அது புகை மணக்கும். கடற்கரையார் வேப்பெண்ணெய் தடவுவார்கள். என் கையிலிருந்த இரண்டும் புல்தைலம் மணந்தன. நாட்டில் ஓலைக்குப் புல்தைலம் தடவும் இடம் தங்கள் அரண்மனை ஒன்றே. முதல் நாளே முகர்ந்திருந்தால் தெரிந்திருக்கும். புகழுரையைப் படித்த மகிழ்ச்சியில் மூக்கை மறந்தோம்.

எம் ஆளை மலைக்கும் கடலுக்கும் விட்டோம். கடற்கோட்டத்து முதியவர், நூல் எழுதப்படுமுன்னரே காலமாகிவிட்டார்; அவருடைய முதலாண்டுத் திதியும் முடிந்திருந்தது. வேட்டுவக்கோன் உயிரோடு இருந்தார். நிரம்பவே உயிரோடு இருந்தார். அப்படி ஒரு நூல் தன் குடிசைப் படியேறவில்லை என்றும், ஏறியிருந்தால் முதல் ஓலையைப் படித்த கையோடு ஆட்டுக்குத் தின்னப் போட்டிருப்பேன் என்றும், ஆடு பாவம் என்பதால் அதையும் செய்திருக்கமாட்டேன் என்றும் சொல்லியனுப்பினார்.

எதிரியின் சொல்லைக் கேட்டு என்னைப் பழிக்கலாமா என்று அமுதாங்கர் வினவினார். நியாயமான வினா. ஆகவே வேட்டுவக்கோனை ஒதுக்கிவிட்டு, அம்மருந்தால் குணமடைந்தவர்களைக் காட்டுங்கள் என்றோம். அவர்கள் தத்தம் ஊர் போய்விட்டார்கள் என்றார். ஊர்ப் பெயர் கேட்டோம். பெரும்பாலோர் ஆனைமடுவினர் என்றார். ஆனைமடு தங்கள் தந்தையார் கட்டிய பேரேரிக்குள் மூழ்கிக் கிடக்கிறது. அந்த ஊரில் இப்போது நோய் கண்டு நோய் தீர்ந்து வாழ்பவை கெண்டையும் விராலும்தாம். பழைய ஊர்வரிசையைப் பார்த்துப் பெயர் பொறுக்கியவருக்கு, புதிய ஏரி நினைவுக்கு வரவில்லை. மும்முறை அழைத்து, ஒவ்வொரு முறையும் தவணை கொடுத்து, அவர் சொல்ல விரும்பியதையெல்லாம் கேட்ட பின்னரே கருங்கயிறு கட்டினோம். மேலோலையில் அவர் பொய்யோடு எம் சோம்பலையும் எழுதினோம். இனி எந்த நூலாசிரியரும் தன்னை ஆராய்பவரைத் தானே சொல்லலாகாது என்றும் விதித்தோம்.

இதற்கு முதலமைச்சர் காட்டும் வழிகளைப் படித்தேன். படியெடுத்தவன் மருந்தின் அளவைப் பிழையாக எழுதிவிட்டான் என்று அறிவித்தால் யாருக்கும் இழுக்கில்லையாம். படியெடுத்தவனுக்கு மானம் கிடையாதா? எழுத்தாணி பிடித்துப் பிழைப்பவன் என்பதால் ஊரார் பழியெல்லாம் அவன் தலையில் கொட்டலாமா? மூலத்தில் உள்ளதைத்தான் அவன் எழுதினான். மூலம் என்னிடம் இருக்கிறது. அல்லது, படிகளையெல்லாம் ஓசைப்படாமல் திரும்பப் பெற்று எரித்துவிடலாமாம். எரிப்பதற்குமுன் மனப்பாடம் செய்த வைத்தியர்களை என்ன செய்வதாக உத்தேசம்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலைக்கு எம் அவையில் ஆளில்லை.

அமைச்சரின் மெய்யான வருத்தம் வேறு. நூலின் முகப்பில் அமுதாங்கரின் பெயருக்கு மேலே இளவரசர் கதிர்வேளின் பெயர் இருக்கிறது. கருங்கயிறு கட்டினால் அது வேழக்கொடிக்கே கட்டியதாகும் என்கிறார். இளவரசருக்கு யான் தனியே ஓலை விடுத்துக் கேட்டேன். அவர் ஒளிக்காமல் விடை தந்தார். அதற்காக அவரைப் போற்றுகிறேன். தான் நோயாளி எவரையும் கண்டதில்லை என்றும், நூலைப் படித்ததுகூட இல்லை என்றும், பிறந்த யானைக்கன்றுக்குப் பெயர் கேட்பதுபோல் வைத்தியர் வந்து பெயர் கேட்டார், கொடுத்தேன் என்றும் எழுதியிருக்கிறார். அந்தப் பெயர் எதற்கு வேண்டியிருந்தது என்பதை இப்போது தாங்களே பார்க்கிறீர்கள். பொய்யின்மேல் இளவரசரைக் குடையாகப் பிடித்தால் ஒருவரும் கல்லெறியமாட்டார் என்று அமுதாங்கர் கணக்குப் போட்டார். இளவரசருக்கு இழுக்கு செய்தவர் அவரே, யாம் அல்லோம். இளவரசர் தம் பெயரை நீக்கக் கேட்டால் நீக்குவோம், நீக்கியதையும் எழுதி வைப்போம்.

இருக்கையைவிட்டு இறங்கு என்றால் இறங்குகிறேன். அதைத் தந்தவர் தாங்கள், வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கருங்கயிறு என் இருக்கையோடு சேர்ந்ததன்று. எனக்குப் பின் வருபவரும் அதை அவிழ்க்கமாட்டார். அவருக்குப் பின் வருபவரை இன்றே கேட்டுவிட்டேன், அவரும் மாட்டார். கதவை அடைத்தால் மரத்தடியில் அவை கூடும். மரத்தை வெட்டினால் வெயிலில் கூடும். நாட்டுக்கு மருந்து இல்லையென்றாலும் பொறுக்கலாம். இருக்கிறது என்று அரசே பொய் சொன்னால் பிறகு எந்த மருந்தை எவர் வாங்கிக் குடிப்பார்? வேலியே பயிரை மேய்ந்தால் விதைத்தவன் யாரிடம் போய் முறையிடுவான்? அச்சமில்லாமல் இதை எழுதவில்லை. அச்சத்தோடேயே எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

இனி, எம் அவைக்குத் தங்கள் பாட்டனார் தந்த உரிமையால், தங்கள்மீது யாம் இடும் கட்டளை. கருங்கயிற்றை அவிழ்க்க ஒரே ஒரு வழி உண்டு. இந்நூல் மெய், இதற்கு யான் பிணை என்று ஒருவர் தம் கையால் எழுதி, தம் பெயரிட்டு, அவ்வோலையை நூலின் மேல் வைத்துத் தாமே அவிழ்க்கவேண்டும். அமுதாங்கரைக் கேட்டோம், கை நடுங்குகிறது என்றார். முதலமைச்சரைக் கேட்டோம், தான் மருத்துவம் அறியாதவன் என்றார். எஞ்சியிருப்பவர் தாங்கள்.

எல்லைப்படையைத் தலைமை ஏற்று நடத்திச் செல்பவர் இளவரசர் கதிர்வேள் என்று முரசறைந்ததை நாங்களும் கேட்டோம். எல்லைச் சதுப்பில் பாசறை இறங்கியவர்களில் காய்ச்சல் காணாமல் மீண்டவர் சிலரே. அவருக்கும் காணும். அன்று பாசறை வைத்தியர் அவர் தலைமாட்டில் அமர்ந்து, அரசரே அனுப்பிய நூல் என்ற நம்பிக்கையோடு சுவடியைப் பிரிப்பார். பாசறைக்கு உரிய படியை இத்துடன் அனுப்பியிருக்கிறோம், கருங்கயிற்றோடு. அதன்மேல் எழுதப்படாத ஓலை ஒன்று வைத்திருக்கிறோம். அதில் எழுதவேண்டியது தங்கள் பெயர்.

எழுதியும் அவிழ்த்தும் அனுப்புக. அல்லது கட்டியபடியே படையோடு போக விடுக. வேறு வழி இல்லை. வேறு ஓலையும் இனி இங்கிருந்து வராது.

புதுநூல் அவையோர் அனைவரும் இசைய, கல்மாடத்து எழுத்தாணி முத்திரை இட்டுக் கொடுத்தேன். கோமான் வாழ்க. அவர் மகன் வீடு திரும்புக.