நமது நிருபரின் மைத்துனர்

1931, தை 13

சிவப்பி கன்று போட்டாள். கிடாரி. இன்றைய விசேஷம் அதுதான்.

பொள்ளாச்சி பஸ்ஸில் பத்திரிகை வந்தது. நான் எழுதிய வாய்க்கால் செய்தி மூன்றாம் பக்கத்தில், ‘நமது நிருபர்’ என்று தலைப்பில் போட்டு. என் பேர் எங்கும் கிடையாது. இருந்தும் காபிக்கடையில் யாரோ அதை உரக்க வாசிக்க, தலையைக் குனிந்துகொண்டு முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன். அற்பப் புத்தி என்று மருதாத்தாள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், என் பெண்டாட்டிதானே.

தை 17

நம் மாட்டுச் சந்தையில் வெக்கை நோய் என்று கோயமுத்தூர் வரை பேச்சாம். ‘நேரில் பார்த்து எழுதவும்’ என்று பத்திராதிபர் கார்டு போட்டிருக்கிறார். சந்தையைக் குத்தகை எடுத்திருப்பது மருதாத்தாளின் அண்ணன் மாரப்பன். கார்டு வந்த சேதி எப்படித்தான் தெரிந்ததோ, மச்சான் வந்துவிட்டார்.

"மாப்ளெ, ரெண்டு மாடு கழிச்சலெடுத்துச் செத்துது, நெசந்தானுங்க. வெக்கை கிக்கையெல்லாம் இல்லீங்க. நீங்க நாலு வரி எழுதிப்போட்டீங்கன்னா சனம் வரும். இல்லாட்டி நான் துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓட வேண்டியதுதான்."

மருதாத்தாள் அண்ணனுக்கு இரண்டு தரம் காபி வைத்துக் கொடுத்தாள்.

தை 18

சந்தை முழுக்கச் சுற்றினேன். மாடுகள் அசை போடுகின்றன; தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார்கள். வேலியோரம் ஒரு காளை மட்டும் கண்ணில் நீர் வடியத் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. "தூசிங்க மாப்ளெ" என்றார் மச்சான். தூசியும் பறக்கத்தான் செய்தது. வெக்கைப் புண் உண்டா என்று கிட்டே போய் வாயைத் திறந்து பார்க்கவில்லை.

மாடு வளர்க்கிறவன் நான். வாயைப் பிளந்து பார்க்கத் தெரியாதா எனக்கு?

‘நோய் ஏதும் காணப்படவில்லை’ என்று எழுதினேன். கீழே, ‘குத்தகைதாரர் எனது மைத்துனர்’ என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். உறவுமுறை சொல்ல இதென்ன கல்யாண வீடா? இந்த ஊரில் தெரியாதவர்தான் யார்?

தை 25

சந்தையில் நிற்க இடமில்லை. உடுமலை, தாராபுரம் ஆட்களெல்லாம் பத்திரிகையில் பார்த்தோம் என்று வந்திருக்கிறார்கள். மச்சான் சிவப்பியின் கன்றுக்கு வெண்கல மணி வாங்கி வந்து கட்டினார்.

மாசி 15

கை ஓடவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

உச்சி வேளையில் ஒருவர் வந்தார். குருசாமி என்று பேர், உடுமலைக்கு அந்தப் பக்கம் ஊர். ‘நமது நிருபர்’ வீடு எது என்று காபிக்கடையில் விசாரித்து வந்திருக்கிறார். நம் சந்தையில் நோய் இல்லை என்று பத்திரிகையில் வாசிக்கக் கேட்டு, நம்பி வந்து, ஒரு சோடி காளை பிடித்துப் போனாராம். ஒரே வாரத்தில் வாயெல்லாம் புண், ரத்தக் கழிச்சல். அப்புறம் பக்கத்துத் தொழுவம். அப்புறம் தெரு முழுக்க.

"ஊர்ல பாதி மாடு போச்சுங்க. உங்க மேல தப்பில்லீங்க, உங்களையும் ஏமாத்திப்போட்டானுக. நீங்கதான் எழுதோணும். நீங்க எழுதினா சனம் நம்புமுங்க."

என் மேல் தப்பில்லையாம்! என்னத்தைச் சொல்ல? சாப்பிடுங்கள் என்றேன். மருதாத்தாள் இலை போட்டாள். இரண்டு கவளம் உண்டிருப்பார். வாசலில் மச்சானின் குரல் — "மாப்ளெ, ஊட்ல இருக்கறீங்களா?"

சந்தை வாசலில் சுங்கம் வாங்கியவரைக் குருசாமிக்குத் தெரியாதா? மச்சானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மருதாத்தாளைப் பார்த்தார் — அண்ணனும் தங்கையும் ஒரே சாடை.

"இதைச் சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். அவ்வளவுதான். சோற்றுக் கையோடு எழுந்து போய்விட்டார்.

நாலு வார்த்தை திட்டிப்போட்டுப் போயிருக்கலாமே. ஏன் திட்டலை? பாதி இலையிலே எந்திரிச்சுப் போனாரே, அய்யோ.

மாசி 16

பத்திராதிபருக்கு எழுதினேன். நோய் உண்டு; நான் சரியாகப் பார்க்கவில்லை; குத்தகைதாரர் என் மைத்துனர். மூன்றையும் போடவும்.

மாசி 22

பதில் வந்தது. நோய்ச் செய்தியைப் போடுவாராம், மற்றதைப் போட மாட்டாராம். ‘நமது நிருபர் என்றால் பத்திரிகை. பத்திரிகைக்கு மைத்துனர் கிடையாது.’ அட மகராசா! கிடையாத மைத்துனர்தான் என் வாசலில் வந்து நிற்கிறார்! சொல்லியே தீரவேண்டுமென்றால் சொந்தப் பேரில் வாசகர் கடிதமாக அனுப்பலாமாம். அதற்குப் பின் நான் அவர்களுக்கு நிருபர் இல்லை.

மருதாத்தாளிடம் சொன்னேன். "எங்கண்ணனைச் சந்தி சிரிக்க வெச்சுப்போட்டு நாம எந்த மூஞ்சியோட நடக்கறதுங்க?" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. கடிதத்தை அனுப்பிவிட்டேன்.

பங்குனி 1

கடைசிப் பக்கம், பொடி எழுத்து. அடியில் ‘மீனாட்சிபுரம், அர்த்தநாரி’. இத்தனை காலம் எழுதியும் என் பேர் அச்சேறியது இன்றுதான். காபிக்கடையில் வாசித்து முடித்ததும் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள்.

பங்குனி 3

சந்தையை மூட உத்தரவு. மச்சான் இந்தத் தெருவழியே வருவதில்லை.

பங்குனி 10

நேற்று சிவப்பி வெக்கையில் செத்தாள். இன்று கன்றும். மணியைக் கழற்றி மாடத்தில் வைத்தேன்.

பங்குனி 25

கடிதம் அனுப்பிய நாளிலிருந்து மருதாத்தாள் என்னோடு பேசுவதில்லை. சோற்றை வைக்கிறாள், அந்தண்டை போய்விடுகிறாள்.

வைகாசி 11

சந்தையைத் திறந்துவிட்டார்கள். குத்தகை மச்சானுடையதுதான். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆள் ஒருவர் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். உழவுக்கு மாடு பிடிக்கப் போகிறாராம்; சந்தையில் இப்போது நோய் உண்டா என்று என்னைக் கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் மருதாத்தாள் சொம்போடு வந்தாள்.

"அதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்குங்க. சந்தைக்காரரு எங்கூடப் பொறந்த அண்ணனுங்க. இப்ப நோவு இல்லீன்னுதான் நாங்க நெனைக்கறம். எதுக்கும் நீங்களே வாயைத் தொறந்து பாத்துப் புடிங்க."

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சந்தைப் பக்கம் நடந்தார். மருதாத்தாள் சொம்பைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"ஏனுங்க, சோறுண்ண வாங்க" என்றாள்.