பேரலில் சிக்கிய துணி

செவ்வாய்க்கிழமை, இரவு.

அப்பா மில் காவலுக்குக் கொண்டுபோகும் ரைபிளுக்குப் புதுப் பேரல், குண்டு பாயும் குழல், போட்டிருக்கிறார். புதிதில் ஒவ்வொரு குண்டு சுட்டதும் உள்ளே துடைக்க வேண்டும். இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் அவர் சுடச் சுட, நான் கம்பியில் துணி கோத்துத் துடைத்தேன்.

"ஏட்டி, பள்ளிக்கூடத்துல வாயே தொறக்காதவ, இதுல கெட்டிக்காரியா இருக்கியே!" என்று சிரித்தார்.

வீட்டில் அழுக்குத் துணிகளை எரிக்கப் பிரித்தேன். கடைசியாகப் போட்ட மஞ்சள் சேலைத்துண்டு மட்டும் அதில் இல்லை. கம்பியிலிருந்து கழன்று பேரலுக்குள்ளேயே தங்கியிருக்க வேண்டும். அடைத்த பேரலில் சுட்டால் வெடித்து முகத்தைக் கிழித்துவிடும், சொல்லித்தந்தவரே அப்பாதான்.

ரைபிள் பெட்டியில், சாவி அவர் இடுப்பில். விடியுமுன் வேலைக்குப் போய்விடுவார். சொன்னால் இனி ரைபிளைத் தொடவே விடமாட்டார். எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

அப்பா இருமுகிறார். விழித்துத்தான் இருக்கிறார். போய்ச் சொல்லிவிடுகிறேன்.