புள்ளி வைத்து வரைந்த வட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே மூன்று பேரும் சுகம். அங்கே நீயும் சித்தியும் சித்தப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதுவரை அம்மா உனக்கு எழுதும் கடிதத்தின் அடியில் இடம் மிச்சமிருந்தால் நான் ஒரு கையெழுத்து மட்டும் போடுவேன். இந்த முறை தாள் முழுக்க நானே எழுதுகிறேன். என் எழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரைக்கும் படி.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவின் மணிக்கட்டு வலி குறைந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் துணி மடிக்கும் இடத்திலிருந்து அவளை எண்ணிக்கைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். உட்கார்ந்தபடி போர்வைகளை எண்ணி எழுதும் வேலை. ஆனால் அம்மாவுக்கு உட்கார வருமா? எண்ணி முடித்ததும் எழுந்து போய் மடித்துக் கொடுத்துவிட்டு வருகிறாளாம். அப்பா போன வாரம் பத்து மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ரிப்பேருக்குப் போனார். லிஃப்ட் நின்றுபோனதால்தானே கூப்பிடுவார்கள், அதனால் பத்து மாடியும் படியேறியே போயிருக்கிறார். "ஊரையே மேல ஏத்தி விடறவன் நான், என்னை ஏத்தி விட ஆள் இல்ல" என்று வழக்கம்போலப் புலம்பிக்கொண்டே காலில் தைலம் தேய்த்துக்கொண்டார்.

என் பரீட்சை முடிவு வந்ததை அம்மா எழுதியிருப்பாள். அதற்காக இந்தக் கடிதம் இல்லை.

முடிவு வந்த மறுநாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, பள்ளி ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். 'பாடங்கள் எனக்குக் கற்றுத்தந்தவை' என்று தலைப்பையும் அவரே கொடுத்தார். "பாடம் பாடமா எழுதும்மா. கடைசில நல்லதா ஒரு கருத்துச் சொல்லி முடி" என்றார். பெரிய விஷயமா என்று வாங்கிக்கொண்டு வந்தேன். எந்தப் பாடத்தில் ஆரம்பித்தாலும் இரண்டாவது வரியில் நீ வந்து உட்கார்ந்துகொண்டாய். மூன்று நாள் கிழித்துக் கிழித்துப் போட்டேன்.

வரலாற்றில் தொடங்கினேன். எனக்கு வரலாறு வந்ததே உன்னால்தான். போருக்கான காரணங்களை நான் தலைகீழாக மனப்பாடம் செய்து மறந்துகொண்டிருந்த நாளில், நீ என் புத்தகத்தை மூடிவிட்டு இரண்டாம் மாடிக்காரிக்கும் மூன்றாம் மாடிக்காரிக்கும் நடந்த சண்டையைச் சொல்லச் சொன்னாய். மேலிருந்து ஈரப் போர்வை சொட்டியதால் சண்டை என்றேன். "அது உடனடிக் காரணம். நீண்டகாலக் காரணம் சைக்கிள் நிறுத்தற இடம். ரெண்டு வருஷமா உள்ளுக்குள்ள புகைஞ்சுது. அப்புறம் வாட்ச்மேன் வந்து பேசினாரே, அது ஒப்பந்தம். ஒப்பந்தத்தை ஒருத்தரும் மதிக்கல, அது விளைவு" என்றாய். அதன் பிறகு எந்த நாட்டுப் போர் வந்தாலும் எனக்கு மாடிப்படியும் ஈரப் போர்வையும்தான் ஞாபகம் வரும். வரலாற்றில் நூற்றுக்கு நூறு வாங்கினேன். நீ அறுபத்தெட்டு. ஏன் என்று கேட்டால், வருடங்களெல்லாம் பொய்த் தேதி மாதிரி இருக்கிறது, கதைதான் நிஜம் மாதிரி இருக்கிறது என்றாய்.

பூகோளத்துக்குப் போனேன். நான் வரைபடத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சத்தில் கோடு தெரியப் பார்த்து வரைகிறவள். நீ எதிரே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அழிக்காமல், கையாலேயே கடற்கரையை இழுத்துவிடுவாய். ஒன்பதாம் வகுப்பில் என் பூகோள நோட்டில் பாதிப் படங்கள் நீ போட்டவை. டீச்சர் 'மிக நன்று' என்று எழுதியபோது நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் பக்கத்திலிருந்து ஒன்றும் சொல்லவில்லை, என் தொடையில் மட்டும் ஒரு கிள்ளு.

அறிவியலுக்கு அந்த லென்ஸ் பரிசோதனையை எழுதலாம் என்று நினைத்தேன். மெழுகுவர்த்தி, லென்ஸ், வெள்ளை அட்டை. வகுப்பில் எந்தக் குழுவுக்கும் பிம்பம் விழவில்லை. நீ எழுந்துபோய் ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டு வந்து அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தினாய். நகத்தளவு சுடர் ஒன்று தலைகீழாக வந்து அட்டையில் நின்றது. நான் உடனே குனிந்து தூரத்தை அளந்து அட்டவணை போட்டேன். மணி அடிக்கும்வரை நீ அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் ரெக்கார்டு நோட்டில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. எனக்குப் பத்துக்குப் பத்து, உனக்கு மூன்று. அன்றைக்கு அது நியாயமாகத்தான் தோன்றியது.

நீ எங்கள் வகுப்புக்கு வந்த முதல் நாளும் இப்போது அடிக்கடி ஞாபகம் வருகிறது. மஞ்சள் காமாலையில் ஒரு வருடம் முழுக்கப் படுக்கையில் கிடந்துவிட்டு, என்னைவிட ஒரு வகுப்பு மேலே இருந்தவள், என் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தாய். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. உனக்காக இல்லை, எனக்காகத்தான் வெட்கப்பட்டேன். புதிதாக வந்த மொழி டீச்சர், ஒரே ஜாடையாக இருக்கிறீர்களே, இரட்டையா என்று கேட்டார். "ஆமா டீச்சர். நான் மட்டும் பதினாலு மாசம் முன்னாடியே வந்துட்டேன்" என்றாய். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் அந்த வாரத்துக்குள் உனக்குச் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள். எட்டு வருடமாக அங்கே படித்த எனக்கு அவ்வளவு பேர் கிடையாது.

இப்படி எழுதிக்கொண்டே போனால் கணக்கு வந்துதானே ஆக வேண்டும்.

காமாலை போனாலும் உனக்குக் களைப்பு போகவில்லை. கணக்கு எப்போதும் கடைசி மணி. அந்த நேரத்தில் நீ டெஸ்க்கில் தலை சாய்த்துவிடுவாய். அல்ஜீப்ரா முழுக்க அப்படியே உன் தலைக்கு மேலே போய்விட்டது. வீட்டில் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். சொல்லிக்கொடுத்தேன் என்று இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. இரண்டு தடவை சொல்வேன், மூன்றாவது தடவை கேட்டால் "இதுகூடவா தெரியல" என்பேன். நீ என்னிடம் போர்வைச் சண்டையை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொன்னாய். நான் ஒரு சமன்பாட்டை மூன்று தடவை சொல்லவில்லை.

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் நீ விளையாட்டாக, "நாளைக்கு மட்டும் பேப்பரைக் கொஞ்சம் சாய்ச்சு வைடி" என்றாய். நான் சிரிக்கவில்லை. அது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. எண் வரிசைப்படி நான் முன்னால், நீ எனக்கு நேர் பின்னால். ஒரே பெஞ்சில் உட்காருகிற இரண்டு பேருக்கு எதற்கு இரண்டு என்று அம்மா வாங்கித் தந்த ஒரே ஜியோமெட்ரி பாக்ஸ் நம்முடையது. ஸ்கேல் இரண்டு இருந்தது, காம்பஸ் ஒன்றுதான். அது என்னிடம் இருக்கட்டும், நான் முதலில் படத்தைப் போட்டுவிட்டு, சூப்பர்வைசரிடம் சொல்லி உனக்குத் தருகிறேன் என்று காலையில் பேசிக்கொண்டோம். நான் படத்தைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டேன்.

நீ பின்னாலிருந்து, "ஏய், முடிச்சிட்டியா? குடுடி" என்றாய். நான் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "குடுடி, நேரமாகுது" என்றாய். நான் முழங்கையால் விடைத்தாளை மறைத்துக்கொண்டேன். அங்கே என்ன சத்தம் என்று சூப்பர்வைசர் எழுந்தார். அதன் பிறகு உன் குரல் வரவில்லை. வாசலில் வந்து, படம் போட்டாயா என்று கேட்டாய். போட்டேன் என்றேன். நன்றாக வந்ததா என்றாய். வந்தது என்றேன்.

நீ முப்பத்தொன்று. பாஸாக இன்னும் நான்கு. மறுபரீட்சை எழுதச் சொல்லி அப்பா கெஞ்சினார். "சின்னப் பசங்களோட உக்காந்தது போதும்ப்பா" என்று சொல்லிவிட்டு, சித்தி ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பினாய். பஸ்ஸில் ஏறும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டாய். எனக்குத் தலையை ஆட்டினாய்.

காப்பியடிக்க விடவில்லை என்றுதான் உனக்குக் கோபம் என்று இந்த இரண்டு வருடமும் நினைத்திருந்தேன். கோபப்பட்டால் படட்டும், நான் செய்தது சரி என்று இருந்தேன். அதோடு விட்டேனா? பதினொன்றாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் 'நேர்மை' என்று தலைப்பு வந்தபோது, "எனக்கு வேண்டிய ஒருத்தி" என்று சொல்லி இந்தச் சம்பவத்தையே பேசினேன். முதல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கோப்பையில் இப்போது அம்மா ஹேர்ப்பின் போட்டு வைத்திருக்கிறாள்.

போன வியாழக்கிழமை, கல்லூரி விண்ணப்பத்துக்காகப் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் தேடினேன். பீரோவில் கம்பளிக்கு அடியில் உன் பெயருக்கு வந்த பழுப்பு நிறக் கவர் ஒன்று, பிரிக்காமலே இருந்தது. உன் கணக்கு விடைத்தாளின் நகல். நீ போன பிறகு அப்பா விண்ணப்பித்து வாங்கியிருக்கிறார். ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டேன். "அவளே போதும்னு போயிட்டா. நாம பிரிச்சுப் பாத்து என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறோம்" என்றார். உனக்கு வந்ததை நான் பிரித்தது தப்புதான். பிரித்துவிட்டேன்.

தொடுகோடு வரையும் கணக்கு. மூன்று சென்டிமீட்டர் ஆரம். நீ ஸ்கேலை வைத்து மையத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாக மூன்று சென்டிமீட்டர் அளந்து புள்ளி வைத்திருக்கிறாய். எண்ணினேன், நாற்பது புள்ளி. அவற்றைக் கையாலேயே சேர்த்து வட்டம் போட்டிருக்கிறாய். தொடுகோட்டின் நீளம் நான்கு என்று சரியாக எழுதியிருக்கிறாய். ஓரத்தில் சிவப்பு மையில் 'கவராயம் பயன்படுத்தவில்லை' என்று எழுதி, எட்டுக்கு இரண்டு போட்டிருக்கிறார்கள். அதற்கு அடுத்த கணக்கில் கேள்வி எண் மட்டும் இருக்கிறது. நேரம் போயிருக்கும்.

நீ கேட்டது காம்பஸை. காலையில் பேசிக்கொண்டதே எனக்கு மறந்துபோயிருந்தது.

என் காம்பஸை எடுத்து உன் வட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் மட்டும் நூலளவு வெளியே போயிருக்கிறது. அம்மா வந்து ஏன் தரையில் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டாள். தாளைக் கையில் கொடுத்தேன். அவளுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்து, தாளை மடித்துக் கவருக்குள் வைத்தாள். பிறகு, "அவ ஒரு வார்த்தை சொல்லலியே" என்று மட்டும் சொன்னாள். ஏன் சொல்லவில்லை, அக்கா? சூப்பர்வைசர் எழுந்த பிறகு நீ வாய் திறந்திருந்தால் இரண்டு பேரையும் வெளியே அனுப்பியிருப்பார்கள் என்று பயந்தாயா? என்னையும் சேர்த்து நினைத்துப் பயந்தாயா? அப்படி இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். நீ என் மேல் கோபத்தில் பேசாமல் இருந்தாய் என்றால் என்னால் தாங்க முடியும்.

மறுநாள் தலைமையாசிரியையிடம் போய், எழுத வரவில்லை என்றேன். முதல் மதிப்பெண் எடுத்தவளுக்கு இரண்டு பக்கம் எழுத வராதா என்று கடிந்துகொண்டார். நான் கிழிக்காமல் வைத்திருந்த வரலாற்றுப் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "பாடத்தைப் பத்தி எழுதச் சொன்னா உங்க அக்காவைப் பத்தி எழுதியிருக்கே" என்றார். ஆமாம் என்றேன். அந்த இடத்தில் புதிய ஆய்வகத்தின் புகைப்படத்தைப் போடப்போகிறார்களாம்.

நீ இப்போது கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறாய் என்றும், விளிம்பில்லாத கண்ணாடி என்றால் முதலாளி உன் கையில் மட்டும்தான் கொடுக்கிறார் என்றும் சித்தி எழுதியிருந்தாள். அம்மா அதை எதிர்வீட்டுக்காரி வரைக்கும் படித்துக் காட்டிவிட்டாள். கணக்குப் பரீட்சையை மட்டும் இப்போதும் தனியாக எழுதலாமாம். படிவம் ஒன்று வாங்கி வந்து இந்தக் கவருக்குள் வைத்தேன். ஒட்டுவதற்கு முன்னால் எடுத்துவிட்டேன். வேண்டுமென்றால் நீ கேள், அனுப்புகிறேன். கேட்காவிட்டால் அதைப் பற்றி இனிப் பேசமாட்டேன்.

வரும் வெள்ளிக்கிழமை காலை ரயிலில் அங்கே வருகிறேன். சித்திக்குச் சொல்லவில்லை, முதலில் உன்னைத்தான் பார்க்க வேண்டும். கடைக்கு உள்ளே வந்து உன் முதலாளி முன்னால் உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். வெளியே எங்காவது உட்கார்ந்திருப்பேன். உன் வேலை முடிகிறபோது முடியட்டும். நீ வெளியே வந்து என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நடக்க ஆரம்பித்தாலும் சரி, நான் பின்னாலேயே வருவேன். நீ எதுவும் பேச வேண்டாம், அக்கா. கொஞ்சம் மெதுவாக நட, போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தங்கை