பாட்டில் மேல் உங்கள் முகம்

அன்புள்ள அப்பாவுக்கு, எல்விரா பணிவோடு எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

நேற்று இங்கே லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வேடிக்கை நடந்தது. ஞானஸ்நானத்தில் நீங்கள் ஏந்திய உங்கள் ஞானமகன் எவரிஸ்டோவின் கம்பெனி புது டெக்கீலாச் சாராயத்தை வெளியிட்டது. விருந்தினருக்கு ஊற்றிக்கொடுக்க அவன்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தான். பெட்டியைப் பிரித்தால், பாட்டில் மேல் உங்கள் முகம்! ஈஸ்டருக்கு ஊருக்கு வந்தபோது ஞாபகத்துக்கென்று நம் கற்றாழைத் தோட்டத்தில் எடுத்தானே, அதே படம்.

"நீ சொல்லித்தானே எங்கப்பா டெக்கீலா காய்ச்சறதுக்குன்னு இவ்வளவு கற்றாழை நட்டாரு? அத உங்க கம்பெனி வாங்காம நிலத்துலயே அழுகுது. மூஞ்சி மட்டும் வேணுமாடா உனக்கு?" என்று கேட்டேன்.

"இப்பல்லாம் எவனும் நிறையக் குடிக்கறதில்ல, எல்விரா. குடிக்கற கொஞ்சத்துக்கும் ஒரு கதை கேக்கறான். உங்கப்பா மூஞ்சியில நல்ல கதை இருக்கு," என்று சிரித்தான்.

ஏப்ரனைக் கழற்றி அவன் தோளில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். கவலைப்படாதீர்கள், பேக்கரி ஒன்றில் வேலை கேட்டிருக்கிறேன். படத்தில் நீங்கள் அழகாகத்தான் இருக்கிறீர்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் அம்மாவிடம் காய்ந்த மிளகாய் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றும் வேண்டும், இங்கே குளிர்கிறது.

பஸ் வருகிறது, முடிக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு எவரிஸ்டோ வழக்கம்போல் ஆசி கேட்டு உங்கள் கையை முத்தமிட வருவான். கையைக் கொடுக்காதீர்கள், அப்பா.

உங்கள் எல்விரா