ஆடிக்கு முன் நிறுத்திய மாத்திரை

ஜூலை 4, 1994. திங்கள்

காலையிலேயே அனல். எங்கள் ஆய்வை நடத்தும் டாக்டர் அம்மையாருக்கு மாத அறிக்கை எழுதி முடித்தேன். தொடக்கம்: "பெருமதிப்பிற்குரிய அம்மையீர், பணிவான வணக்கம். அறிக்கை காலந்தாழ்ந்து வருவதற்குப் பெரிதும் வருந்துகிறேன், பொறுத்தருள வேண்டுகிறேன்."

மேற்பார்வையாளர் ஜேக்கப் சார் படித்துச் சிரித்தார். "ராஜாவுக்கு ஓலை அனுப்புற மாதிரி இருக்கும்மா. பாயின்ட் பாயின்ட்டா எழுதுங்க." மாற்றவில்லை. பள்ளியில் எட்டாம் வகுப்பு வரைதான். மீதித் தமிழை நானே தேடிக் கற்றேன். எவருக்காகவும் அதைச் சுருக்கும் எண்ணமில்லை.

முதன்முறை மனநோய் கண்ட இளவயதினர் எவ்வாறு தேறுகின்றனர், எதனால் மீண்டும் வீழ்கின்றனர் என்பதே எங்கள் ஆய்வு. மாதம் ஒருமுறை வீடு சென்று வினவுவது என் பணி. இவ்வாரம்: சேலையூர் மாணவன், குரோம்பேட்டை ஐ.டி.ஐ. பையன், பல்லாவரம் மல்லிகா. மல்லிகாவுக்குப் பத்தொன்பது வயது. இரண்டாண்டுக்கு முன் காதில் யாரோ ஏசும் குரல். இப்போது நலம், தையல் வகுப்புக்குப் போகிறாள்.

செருப்பு அறுந்துவிட்டது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஜூலை 6. புதன்

பல்லாவரம். தனிமையில்தான் வினவ வேண்டும் என்பது விதி. ஓரறை வீட்டில் தனிமைக்கு எங்கே போவது. வழக்கம்போல் தண்ணீர் லாரி வரிசையில், குடங்களுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

முன்னால் நின்ற பெண் திரும்பினாள். "இன்னா, ரேஷன் கார்டு கணக்கெடுப்பா?"

"ஆமா. உன் வூட்டுக்கும் வருவாங்க," என்றாள் மல்லிகா. "டிவி இருந்தா ஒளிச்சி வெச்சிக்கோ."

அந்தப் பெண் குடத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு விரைந்தாள். எனக்கும் சிரிப்பு. அடுத்த வினாவோடு அது போயிற்று.

உறக்கம்? "வரல." மாத்திரை? "அம்மா நிறுத்திடுச்சுக்கா. மூணு வாரம் ஆவுது."

தாயார் ஒளிக்கவில்லை. "மார்க் பூஜ்யம்னு மல்லிகாவே வந்து சொல்லிச்சு மேடம். மொத மொத நாப்பது போட்டீங்க, அப்பால இருவது, இப்ப ஒண்ணுமில்ல. முடிஞ்சிபோச்சுன்னுதானே அர்த்தம்?"

அது நோய்க்குறிகளின் மதிப்பெண். மாத்திரையால்தான் பூஜ்யத்துக்கு இறங்கியது என்றேன். குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கெயம இதுக்கு நிச்சயம். ஆடி பொறந்துட்டா பேச்சு நின்னுபூடும். மாத்திர போட்டா காலைல எந்திரிக்க மாட்டேங்குது. மாப்பிள்ள வூட்டுக்காரங்க வந்து குந்தியிருக்கறப்ப இது தூங்கி வழிஞ்சா?"

அதற்குமேல் அறிவுரை கூற எனக்கு அதிகாரமில்லை. எழுந்து வந்தேன்.

ஜூலை 7. வியாழன்

அலுவலகம். ஜேக்கப் சாரிடம் முறையிட்டேன்.

"நாம மெஷர் பண்ணத்தான் போறோம்மா. மாத்திரை நிறுத்தினா என்ன ஆகுதுன்னு பாக்கறதும் ஸ்டடிதான். நீங்க குறுக்க போனா டேட்டா போச்சு."

"விழுவதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வரவா, சார்?"

பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "எனக்கும் பொண்ணு இருக்கும்மா. ஆனா ரூல் அப்படி. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் நேரா டாக்டர்கிட்ட போகலாம்."

டாக்டர் அம்மையார் நகரத்து மருத்துவமனையில். இங்கே தொலைபேசி நேற்றிலிருந்து ஊமை.

தூக்கமின்மை உயிருக்கு ஆபத்தா? என்னிடமுள்ள நூல்களில் விடையில்லை. யோசனையில் மோர்க்குழம்பு தீய்ந்தது.

ஜூலை 8. வெள்ளி

அவர்கள் அழைக்காமலே பல்லாவரம் போனேன். சந்தை நாள், பேருந்தில் என்மீது ஒருவர் கோழிக்கூடையைச் சாய்த்தார். வீட்டில் மாப்பிள்ளையின் அத்தை அமர்ந்திருந்தார். மல்லிகாவின் தாயார் முந்திக்கொண்டார்: "இவங்க மல்லிகாவோட தையல் டீச்சர்."

"நல்லதாப் போச்சு. இந்த ஜாக்கெட் கை புடிக்குது டீச்சர். எவ்ளோ பிரிக்கலாம்?"

எனக்குப் பொத்தான் தைக்கவும் வராது. பொய்யுரைப்பதும் இல்லை. "பிரித்துப் பார்த்தால்தான் உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பது தெரியவரும்," என்றேன்.

"டீச்சர் புக்கு மாதிரி பேசுறாங்க," என்று அத்தைக்கு மகிழ்ச்சி.

மல்லிகா சுவரைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். "பொண்ணுக்கு வெக்கம்," என்றார் அத்தை. தாயார் எழுந்து மகளை மறைத்தபடி நின்றார்.

வாசலில் மல்லிகா என் கையைப் பிடித்தாள். "திரும்ப ஆரம்பிச்சிடுச்சுக்கா. பேர் சொல்லி ஏசுது. நாளன்னிக்கி எல்லார் முன்னாடியும் அதுக்கு பதில் சொல்லிடுவேனோன்னு பயமா கீது."

என் வீட்டு விலாசத்தைச் சொன்னேன். விதியில் இதற்கு இடமில்லை. சொல்லிவிட்டேன்.

ஜூலை 9. சனி

மேகமூட்டம். பால் காய்ச்சும்போது கதவு தட்டும் ஓசை. தாயும் மகளும். தாம்பரத்தில் புடவை எடுக்கப் போவதாகத் தந்தையிடம் சொல்லிவிட்டு மின்ரயிலில் வந்திருக்கின்றனர்.

தாயார் உட்காரவில்லை. "ராவெல்லாம் குந்திகினே கீது மேடம். ஒரே ஒரு மாத்திர குடுங்க. நாளைக்கி ஒரு நாள் தாண்டிட்டா போதும்."

என்னிடம் மாத்திரை இல்லை. கொடுக்க நான் மருத்துவரும் இல்லை.

"தாண்டிட்டு?" என்றாள் மல்லிகா. "அந்த வூட்ல தெனம் ஒளிச்சி வெச்சி முழுங்கணுமா? அவங்ககிட்ட சொல்லிட்டுப் பண்ணுங்க. இல்லன்னா ஆவணி வரட்டும்மா."

"ஒங்கப்பன் கொன்னுபுடுவான்டீ."

"அப்பாகிட்ட டாக்டர் பேசட்டும்."

தாயார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மறுக்கவில்லை. "ஆஸ்பத்திரிக்கு மட்டும் வேணாம் மேடம். யாராவது பாத்துட்டா?" என்று மட்டும் கேட்டார்.

மல்லிகா பாலைக் குடிக்கவில்லை. மூலையில் அமர்ந்து காதைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். சனிதோறும் அறிக்கைகளை நகரத்துக்குக் கொண்டுசெல்லும் ஜீப் தெருமுனையில் நிற்கிறது. ஓட்டுநர் வசம் கொடுத்தனுப்பும் கடிதத்தின் நகல்:

"அம்மையீர், மல்லிகாவும் தாயாரும் என் வீட்டில் இருக்கிறார்கள். மாத்திரை நின்று மூன்று வாரம் ஆகிறது. குரல் திரும்பிவிட்டது. தூக்கமில்லை. நாளை நிச்சயதார்த்தம். மருத்துவமனைக்கு வரத் தாயார் அஞ்சுகிறார். இன்றே தாங்கள் இங்கு வந்து அவளைப் பார்த்து, தந்தையிடமும் பேச வேண்டும். விதியை மீறித் தலையிட்டது நான். ஆய்விலிருந்து என்னை நீக்கினால் ஏற்கிறேன். வருவீர்களா என்று ஓட்டுநரிடமே உடனே பதில் சொல்லி அனுப்புங்கள்."