நைனா அனுப்பிய ஈயின் படம்

அன்புள்ள நைனாவுக்கு,

அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? டென்மார்க்கில் குளிர் அதிகம், நான் நலம்.

"இன்னா பூச்சிம்மா இது, பாவக்காயெல்லாம் சொத்தையாவுது" என்று உள்ளங்கையில் ஈயை வைத்துப் படம் அனுப்பினீர்களே, அதை ஆய்வகத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகில் மூன்று மஞ்சள் கோடுகள், இறக்கையில் பழுப்புத் திட்டுகள், பழ ஈயேதான். சொத்தைக் காய்களைப் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

பக்கத்து மேசைப் பெண் அது யார் கை என்று கேட்டாள். "எங்க நைனா கை" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். இந்த வாரம் நான் வாய்திறந்து பேசிய தமிழ் அவ்வளவுதான்.

கட்டைவிரலில் வெட்டுக்காயம் தெரிந்தது. செஞ்சிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஆறியதும் இன்னொரு படம் அனுப்புங்கள் நைனா, ஈ இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பஸ் வந்துவிட்டது.

ஜெயராணி