கூப்பிட்டதும் திரும்பிய நாய்கள்

இன்று காலை முதலில் வந்தது அந்த வாடைதான். ஈர மண்ணும் புளித்த பழமும் கலந்த வாடை; உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் புளோக்குக்குப் பின்னால் காட்டை ஒட்டிப் போகும் நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டேன். முன்னால் ஒரு பெண் சின்ன வெள்ளை நாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். நில்லுங்கம்மா என்றேன். ஏன் என்பதுபோல் அவர் திரும்பிய நேரத்தில் புதரை விலக்கிக்கொண்டு ஒரு தாய்ப்பன்றி வெளியே வந்தது. பின்னாலேயே கோடு போட்ட குட்டிகள்.

நாய் குரைக்கத் தொடங்கியது. கயிற்றைக் கையில் சுற்றிக் குறுக்கிக்கொள்ளுங்கள், முதுகைக் காட்டாமல் பின்னால் வாருங்கள், ஓட வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னேன். அவரும் பதறாமல் அப்படியே செய்தார். நானும் பாதையை விட்டு மழையில் ஊறிக் கிடந்த புல்லில் இறங்கிப் பின்வாங்கினேன். பன்றி எங்களைப் பார்த்து ஒருமுறை உறுமிவிட்டுப் பாதையைக் கடந்து போனது. கடைசிக் குட்டியும் மறைந்த பிறகுதான் அந்தப் பெண் பேசினார்.

"அங்கிள், நீங்க ரேஞ்சரா?"

"இல்லம்மா, ரிட்டையர்ட் ரிப்போர்ட்டர்."

"அப்புறம் எப்படி இதெல்லாம் தெரியும்?"

சுருக்கமாகச் சொல்ல முடியவில்லை. யாரோ ஒரு நண்பர் சொன்னது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் உறுத்தியது. நீ யாரோ இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வாரம் முழுக்க நீ சிங்கப்பூரில், பூன் லே புளோக்குகளில் லிஃப்ட் பழுது பார்த்தாய். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பாலத்தைக் கடந்து மலேசியப் பக்கம் ஜொகூருக்குப் போய்விடுவாய். வீவக அடுக்குமாடி வீட்டில் வேட்டை நாய் வளர்க்க முடியாது என்பதால் உன் மூன்று நாய்களும் கோத்தா திங்கிக்கு அந்தப் பக்கம், ஒரு செம்பனைத் தோட்டத்தில், உன் மனைவி சரோஜாவின் அண்ணன் மாணிக்கம் வீட்டில் வளர்ந்தன. கோப்பி, மைலோ, ரோஜாக். காப்பிக்கடையில் உட்கார்ந்து பெயர் வைத்ததாக நீயே சொல்லியிருக்கிறாய். துப்பாக்கியும் அதற்கான உரிமமும் மாணிக்கத்துடையவை. தோட்டத்து ஓரத்தில் சிறு நிலம் வைத்திருந்தவர்கள், பன்றி வந்து பயிரைக் கிண்டிவிட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

நான் முதல் தடவை வந்தது செய்திக்காக. வேட்டையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் செய்தி ஆசிரியர் சிரித்தார். அது அச்சில் வரவே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் உன் காரில் ஏறிக்கொண்டேன்.

வேட்டை நாய் என்றால் பாய்ந்து கடிப்பது என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். உன் நாய்கள் கடிக்கவில்லை. கோப்பி மோப்பம் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் போவாள். பன்றியைக் கண்ட பிறகுதான் குரைப்பாள். மற்ற இரண்டும் ஓடிப்போய் ஆளுக்கொரு பக்கம் நின்று கத்தி, அதை நகர விடாமல் நிறுத்தும். ஓடுகிற பன்றியைப் பார்த்துக் குரைப்பது வேறு, நின்றுவிட்ட பன்றியைப் பார்த்துக் குரைப்பது வேறு என்று நீ கேட்டுச் சொல்வாய். சில மாதங்களில் எனக்கும் அது காதில் விழத் தொடங்கியது. நாய்கள் சுற்றி நிற்கும்போது சுட முடியாது. அதனால் அந்தப் பக்கத்து ஆட்கள் ஈட்டியோடு உள்ளே இறங்குவார்கள். நாயும் ஆளும் கிழிபட்டுத் திரும்புவார்கள். உன் வழி வேறு. பன்றி நின்றதும் நாய்களைக் கூப்பிட்டுவிடுவாய். அவை விலகிய அந்த நொடியில் மாணிக்கம் சுடுவார்.

கூப்பிட்டால் எந்த நாய் வரும் என்று எல்லோரும் கேட்டார்கள். உன் நாய்கள் வந்தன. வேட்டை இல்லாத ஞாயிறுகளில் மாணிக்கத்தின் வீட்டு முற்றத்தில் அவற்றுக்குச் சோறு வைப்பாய். பாதி தின்றுகொண்டிருக்கும்போது தூரத்தில் நின்று "பாலிக்" என்பாய். திரும்பு என்பதற்கு மலாய்ச் சொல். தோட்டத்து நாய்களுக்குப் பழகிய சொல். வட்டிலை விட்டு வந்தால் சட்டைப் பையிலிருந்து ஒரு நெத்திலிக் கருவாடு. பிறகு மறுபடியும் சோற்றுக்கு அனுப்பிவிடுவாய். "திரும்பி வந்தா நட்டமில்லைன்னு அதுக்குத் தெரியணும்டா" என்றாய். உன் சட்டைகளைத் தனியாகத் துவைக்க வேண்டியிருக்கிறது என்று சரோஜா என்னிடம் புகார் சொன்னதுண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

அஞ்சலையக்காவின் மரவள்ளித் தோட்டத்தை ஒரு பெரிய ஆண் பன்றி வாரக்கணக்காகக் கிண்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கத் தந்தம் உடைந்தது என்பதால் ஒத்தப்பல்லன் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். கணவர் இறந்த பிறகு அந்த மரவள்ளியும் கொஞ்சம் வாழையும்தான் அக்காவுக்குச் சாப்பாடு. நாம் போனபோது அவர் கோபமாக இருந்தார். வாசலில் புதுக் கம்பிச் சுருள் கிடந்தது. இன்று பன்றி அடிபடவில்லை என்றால் நாளைக்கு வேலி முழுக்கச் சுருக்கு வைத்துவிடுவேன் என்றார். சுருக்குக்குப் பன்றி, நாய் என்ற வித்தியாசம் தெரியாது. ரோஜாக்கின் தாய் அப்படி ஒரு கம்பியில்தான் செத்தது. நீ அந்தச் சுருளைப் பார்த்துவிட்டு நாய்களைக் கூட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தாய்.

ஓடைக் கரையில் கோப்பி குரல் கொடுத்தாள். நின்றுவிட்ட பன்றிக்கான குரல். ஓடினோம். மண்சரிவில் முதுகை வைத்து நின்றது ஒத்தப்பல்லன் இல்லை, ஒரு தாய்ப்பன்றி. அதன் வயிற்றுக்கடியில் கோடு போட்ட குட்டிகள். மாணிக்கம் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினார்.

"நாய்ங்களக் கூப்பிடுங்க மாப்பிள்ளை. எல்லாம் பன்னிதானே."

"கூப்பிடுறேன் மச்சான். நீங்க துப்பாக்கிய இறக்குங்க. குட்டி இருக்கு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இதை விட்டுவிட்டால் நாய்கள் களைத்துவிடும், இன்னொன்றைத் தேட மாட்டா, நாளைக்கு வேலியில் கம்பி வந்துவிடும் என்று மாணிக்கம் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை. உனக்கும் அது தெரிந்திருந்தது. உன் முகத்தில் பார்த்தேன். துப்பாக்கி இறங்கும்வரை காத்திருந்துவிட்டு "பாலிக்" என்றாய்.

மைலோ வந்தான். ரோஜாக் வந்தான். கோப்பி மட்டும் நின்றாள். உடம்பெல்லாம் நடுங்கியது. நீ குரலை உயர்த்தவில்லை. அதே குரலில் இன்னொரு முறை சொன்னாய். அவள் வந்தாள், பன்றியிடமிருந்து கண்ணை எடுக்காமல், பின்பக்கமாகவே ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து. நீ குனிந்து நெத்திலியைக் கொடுத்தாய். தாயும் குட்டிகளும் செம்பனைக்குள் மறைந்தன.

"சிங்கப்பூர்க்காரன் பன்னியக்கூட கியூவுல நிக்கச் சொல்லுவான்லா" என்றார் மாணிக்கம். உனக்குச் சிரிப்பு வரவில்லை. நாய்களை ஓடைச் சேற்றில் படுக்க வைத்து, கையால் தண்ணீர் அள்ளி அவற்றின் காதுகளில் ஊற்றிக்கொண்டிருந்தாய். முழங்கால்வரை சேறு.

மதியத்துக்குப் பிறகு, நானும் மாணிக்கமும் திரும்பிவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, லாலாங் புல்லுக்குள் போன கோப்பி குரல் கொடுத்தாள். இந்தத் தடவை ஒத்தப்பல்லன்தான். நான் அதுவரை பார்த்த எந்தப் பன்றியும் அதன் பாதிக்கு வராது. பக்கவாட்டில் திரும்பிய வேகத்தில் உடையாத தந்தத்தால் கோப்பியின் கழுத்தை வீசியது. பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டி நீ செய்த பட்டை அவள் கழுத்தில் இருந்தது. அது கிழிந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. அடுத்த வீச்சுக்குப் பட்டை தாங்காது.

"பாலிக்."

கத்தவில்லை நீ. வட்டிலிலிருந்து கூப்பிடும் அதே குரல். கோப்பி எகிறிப் பின்னால் குதித்தாள். மற்ற இரண்டும் அவளோடு விலகின. ஒத்தப்பல்லன் புல்வெளியில் தனியாக நின்றது. மாணிக்கம் ஒரே குண்டில் முடித்தார்.

துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் உன் பக்கம் வந்து நின்றார். கொஞ்ச நேரம் கோப்பியின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "காலையில வரலன்னா இப்பவும் வந்திருக்க மாட்டா, மாப்பிள்ளை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எத்தனையோ பேருக்குப் பாராட்டு விழா நடந்த மேடைகளின் கீழே உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். ஒரு மனிதனைப் பார்த்து நான் பெருமைப்பட்டது அந்த லாலாங் புல்லில்தான்.

உன் வழக்கப்படி நாய்களுக்குத்தான் முதல் பங்கு, ஈரல் கோப்பிக்கு. மீதியைத் தோட்டத்து வீடுகள் பிரித்துக்கொண்டன. நமக்கு ஒரு துண்டும் இல்லை. இறைச்சியோடு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைக் கடக்க முடியாது. இரவுச் சாப்பாட்டுக்கு உன் வீட்டுக்குள் நுழைந்தபோது சரோஜா உன் கால்களைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஊர்ல எல்லாரும் வேட்டைக்குப் போனா கறி கொண்டாருவாங்க. இவரு சேறு கொண்டாராரு, பாருங்கண்ணே." நீ அதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தாய்.

அடுத்த மாதம் போனபோது அஞ்சலையக்கா வீட்டு வாசலில் அந்தக் கம்பியில் புடவைகள் காய்ந்துகொண்டிருந்தன. நீ அதைப் பார்த்துவிட்டு என் விலாவில் இடித்தாய். அக்கா நமக்கு மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொடுத்தார். உனக்குத் தட்டில் கொஞ்சம் அதிகமாகவே வைத்தார்.

கோப்பி வயதாகித் தூக்கத்தில் போனாள். நீ அவளுக்குப் பிறகு சில வருடங்கள் இருந்தாய். மண்டாய் தகனச் சாலையில் உன்னை அனுப்பிவிட்டுத் திரும்பிய அன்று சரோஜா கிழிந்த கழுத்துப் பட்டையை என்னிடம் கொடுத்தார். என் எழுத்து மேசைக்கு மேல் ஆணியில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இன்று வீட்டுக்கு வந்ததும் சரோஜாவுக்குப் போன் செய்தேன். தாய்ப்பன்றி, குட்டிகள், அந்தப் பெண், வெள்ளை நாய் எல்லாவற்றையும் சொன்னேன். முதுகைக் காட்டாமல் ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்ததைச் சொல்லும்போது, "கோப்பி மாதிரி" என்றார். பிறகு கேட்டார்:

"அண்ணே, கால்ல சேறு இருக்கா?"

குனிந்து பார்த்தேன். கணுக்கால்வரை இருந்தது. இருக்கும்மா என்றேன்.

அவர் சிரித்தார். நீ போன பிறகு அந்தச் சிரிப்பை இன்றுதான் கேட்டேன்.